உலர்புல்லைக் காத்தால் இலாபம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மணல்மேட்டுப் புல்வெளிகளில் பெரிய மாட்டுப் பண்ணைகள் உள்ளன. குளிர்காலத்தில் அங்கே பனி மூடும்போது மேய்ச்சல் அரிதாகும். ஆதலால் கோடையிலேயே புல்லை அறுத்து, உலர்த்தி, பெரிய உருளைக் கட்டுகளாகச் சேமிக்கின்றனர். பண்ணையின் இலாபம் இச்சேமிப்பைப் பெரிதும் சார்ந்துள்ளது. எவ்வாறு என்று கணக்கிட்டுப் பார்ப்போமா?

150 செ.மீ. விட்டமுள்ள கட்டு மழையில் நனைந்து, சுற்றிலும் 15 செ.மீ. ஆழம் கெட்டுவிட்டதாகக் கொள்வோம். நல்ல பகுதியின் விட்டம் 120 செ.மீ. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததன்றோ? ஆகவே எஞ்சுவது 64 விழுக்காடே. 36 விழுக்காடு வீண்! அதற்கு ஈடாகத் தீவனம் வாங்கினால் இலாபம் ஏது?

ஈரத்தோடு கட்டினாலோ, நுண்ணுயிர்கள் பெருகி வெப்பம் ஏறும். சில வேளைகளில் தானே தீப்பற்றும். எனவே நன்கு உலர்த்தி, சரளைக்கல் பரப்பின்மீது அடுக்கி, கூரையின்கீழ் காக்க வேண்டும்.

வட்டக் கணக்கு தேர்வுக்கு மட்டுமன்று, தொழிலுக்கும் உதவும் என்பதை அறிந்தோம்.