கூட்டாகச் சுரங்கம் அகழ்ந்தவர்கள்

தங்கவயலில் வாழும் நமக்குச் சுரங்கம் புதிதன்று. சாம்பியன் ரீப்பில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை உடைத்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று கட்டடத் தொழில் புரியும் நம் இளைஞர் பலர். ஆதலால் இரு கட்டுமான நிறுவனங்கள் கைகோக்கும்போது எவர் எதைக் கற்கின்றனர் என்பது நம் வீட்டு வினாவேயாகும்.

சென்னை மெட்ரோவின் முதற்கட்டச் சுரங்கப் பணியை மூன்று இணைகள் ஏற்றன. எல் அண்ட் டி ஷாங்காய் நிறுவனம் ஒன்றுடனும், ஆப்கான்ஸ் ரஷ்யாவின் டிரான்ஸ்டன்னல்ஸ்ட்ராயுடனும், காமன் மாஸ்கோவின் மாஸ்மெட்ரோஸ்ட்ராயுடனும் சேர்ந்தன. நகரின் அடியில் துளையிடுவது, வெடிவைத்து முன்னேறும் நம் பழைய முறையன்று. எந்திரத்தின் சுழலும் முகம் மண்ணை அரிந்து செல்ல, பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டே போக வேண்டும். முகப்பில் அழுத்தம் தவறினால் மேலுள்ள சாலை உள்வாங்கிவிடும். இவ்வித்தையில் அயல்நாட்டார் பழகியவர்கள். ஆனால் சென்னையின் அடியிலோ ஓரிடத்தில் மணல், அடுத்த இடத்தில் களிமண், பின்னர் திடீரெனக் கடும்பாறை! பருவமழையையும், ஆள் திரட்டும் வகையையும், அனுமதி பெறும் வழியையும் அறிந்தவர் நம் நாட்டார். ஒருவர் அறிவு மற்றவருக்குத் தேவையாயிற்று.

பலன் என்ன? ஆப்கான்ஸ், அதே ரஷ்யத் துணையுடன், 2017இல் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் அடியில் ஏறத்தாழ 520 மீட்டர் துளைத்தது. 2024 மார்ச்சில் அவ்வழியே ரயில் ஓடிற்று. எல் அண்ட் டி சென்னையின் இரண்டாம் கட்டத்தில் சுரங்க ஒப்பந்தத்தைத் தனித்தே ஏற்றது. அயலாருக்கோ புதிய நிலத்தின் அனுபவமும் பெரியதொரு சந்தையின் வாயிலும் கிடைத்தன.

எல்லா இணையும் இனிதே முடியவில்லை. காமன்–மாஸ்மெட்ரோஸ்ட்ராய் ஒப்பந்தம் 2015இல் முறிந்தது. எஞ்சிய பணியைப் பிறர் முடிக்க நேர்ந்தது. அண்ணா சாலைப் பாதை 2019 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. பெயர்ப் பலகையில் இரு பெயர் எழுதுவதாலேயே கூட்டு உண்டாகிவிடாது என்பேன்.

கற்றது பொறியாளர் மட்டத்தோடு நிற்பதுதான் எனக்குக் குறையாகத் தோன்றுகிறது. (சீட்டுக் கொடுக்கும் எழுத்தனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள், அதிகாலை வண்டியில் ஏறுவோரை நாள்தோறும் பார்ப்பவன் நான்.) வளையம் பூட்டிய இளைஞன் பணி முடிந்ததும் வெறுங்கையோடு திரும்புகிறான். இன்ன எந்திரத்தில் இத்தனை மாதம் உழைத்தான் என்று இரு நிறுவனங்களும் கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்தால், அடுத்த ஊரில் அவனது கூலி வேறாக இருக்கும். வேலையில் சேரும் நாளிலேயே அத்தாளைக் கேட்டு வைக்குமாறு வீட்டுப் பெரியோர் தம் பிள்ளைகளிடம் சொல்லலாம்.