9 ஆயிரம் புத்தகப் பைகள்!

ஜெர்மனியில் மியூனிச் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பெரிய கலைக்கூடம் ஒன்று உண்டு. 2009-ம் ஆண்டு அக்டோபரில் அந்தக் கட்டிடத்தின் முகப்பு முழுவதையும் புத்தகப் பைகள் மறைத்தன. பள்ளிப் பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பைகள்! நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல நிறங்கள். மொத்தம் 9 ஆயிரம்.

பைகளின் நிறங்கள் சேர்ந்து சீன எழுத்துகளாகத் தெரிந்தன. மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் சொன்னது அது:

"இந்த உலகத்தில் ஏழு ஆண்டுகள் அவள் மகிழ்ச்சியாக வாழ்ந்தாள்."

அந்தப் பெண் குழந்தைக்கு என்ன நேர்ந்தது?

இடிந்த பள்ளிகள்

2008 மே 12. பிற்பகல் மணி 2-28. சீனாவில் சிச்சுவான் மாகாணத்தைப் பூகம்பம் உலுக்கியது. சுமார் 69 ஆயிரம் பேர் மாண்டனர். ஏறத்தாழ 18 ஆயிரம் பேரைக் காணவில்லை.

அது பள்ளி நேரம். பல ஊர்களில் பள்ளிக்கூடம் தரைமட்டமாயிற்று. ஆனால், பக்கத்துக் கட்டிடங்கள் பல இடியாமல் நின்றன!

பெற்றோர் கொதித்தனர். "பள்ளியை மட்டமாகக் கட்டியது யார்? இறந்த பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டனர். அதிகாரிகள் பதில் சொல்லவில்லை. கேட்டவர்களை அடக்கினார்கள்.

வீடு வீடாக

அய் வெய்வெய் என்பவர் சீனாவின் புகழ்பெற்ற கலைஞர். இடிபாடுகளைப் பார்க்கப் போனார். எங்கு பார்த்தாலும் பிள்ளைகளின் பைகள் சிதறிக் கிடந்தன.

"எண்ணிக்கையை நாமே எடுப்போம்" என்று அவர் முடிவு செய்தார். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். இறந்த பிள்ளையின் பெயர், வயது, படித்த பள்ளி ஆகியவற்றைக் கேட்டு எழுதினார்கள். போலீசார் சிலரைப் பிடித்து வைத்தார்கள். அப்படியும் 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. அவற்றை அய் வெய்வெய் இணையத்தில் வெளியிட்டார்.

2009 மே மாதம் அரசாங்கம் கணக்குச் சொன்னது. "இறந்த, காணாமற்போன மாணவர்கள் 5,335 பேர்."

தலையில் அடி

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் செங்டு நகருக்குப் போனார். பள்ளிகள் இடிந்ததை ஆராய்ந்த ஒருவர் மீது அங்கே வழக்கு நடந்தது. அவருக்காகச் சாட்சி சொல்லவே போனார். போலீசார் தம்மைத் தலையில் அடித்ததாக அய் வெய்வெய் கூறினார். அடுத்த மாதம் மியூனிச்சில் அவருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு அடுத்த மாதம் அதே ஊரில்தான் பைகள் ஏறின. அவை புதிதாகத் தைத்த பைகள்.

அதோடு அவர் நிற்கவில்லை. இடிபாடுகளில் வளைந்து கிடந்த இரும்புக் கம்பிகளை வாங்கினார். டன் கணக்கில்! தொழிலாளர்கள் ஒவ்வொரு கம்பியையும் சுத்தியலால் அடித்து நிமிர்த்தினார்கள். அவற்றை அடுக்கிக் காட்சியாக வைத்தார்.

2011-ல் அவரைக் கைது செய்து 81 நாட்கள் காவலில் வைத்தார்கள். 2015-ல் அவர் சீனாவை விட்டு வெளியேறினார்.

பெயர் சொன்னார்கள்

2010-ல், பூகம்பத்தின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளுக்காக அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். "இறந்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள்" என்றார். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான மக்கள் அனுப்பினார்கள்.

5,335 என்று சொல்ல ஒரு நொடி போதும். பதிவான பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்க மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது!