புறாமலையின் தாகம்

இலங்கையின் கிழக்குக் கரையில், சல்லி முத்துமாரி அம்மன் கோயிலடியிலிருந்து கரையோரமாகவே வடக்கே போனால் நிலாவெளி வரும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்குள் நிற்கும் பாறைத்தீவுதான் புறாமலை. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேர். அதில் பெரும்பகுதி கடல்தான்.

கச்சான் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வள்ளங்கள் ஓயாமல் ஆட்களை ஏற்றி இறக்கும். வருகிறவர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு முருகைக்கற்களையும் கருநுனிச் சுறாக்களையும் தேடித் தலையைத் தண்ணீருக்குள் விடுகிறார்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறாவை அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. எனக்கென்னவோ, இங்கே பெரிய அதிசயம் மேலேதான் இருக்கிறது.

பறவையின் பக்கமிருந்து யோசித்தால் இந்தத் தீவு ஒரு பாலைவனம். சுற்றிலும் உப்பு நீர். நீளம் இருநூறு மீட்டர் அளவே உள்ள பாறையில் குளம் ஏது? மாடப்புறா தின்பதோ காய்ந்த தானியம். தண்ணீர் இல்லாமல் அதற்கு நாள் ஓடாது. தாய்க்கும் தகப்பனுக்கும் சிறகு இருக்கிறது, கரைக்குப் பறந்து குடித்துவிட்டு வரலாம். பாறைப் பொந்தில் இறகு முளைக்காமல் கிடக்கும் குஞ்சு என்ன செய்யும்?

இதே சிக்கல் ஆபிரிக்காவின் தெற்கே, கலஹாரி மணற்காட்டிலும் உண்டு. தென்னாபிரிக்கா 1931இல் அமைத்த கெம்ஸ்பொக் பூங்கா, 2000ஆம் ஆண்டில் பொட்ஸ்வானாப் பக்கத்துப் பூங்காவோடு இணைந்து ஒரே காப்பகமானது. அங்கே வாழும் நமாக்குவா கல்கௌதாரியும் காய்ந்த விதை தின்னிதான். நீர்நிலையைச் சுற்றி வேட்டையாடும் பிராணிகள் திரிவதால் வெகுதூரத்தில் முட்டையிடும். குஞ்சுகள் பொரித்த உடனேயே நடந்து இரை பொறுக்கும். ஆனால் பறக்கத் தெரியாது. ஆண் பறவை நீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு பறந்துவர, குஞ்சுகள் அந்த இறகைச் சப்பித் தாகம் தீர்க்கின்றன. 1896இல் மீட்-வால்டோ என்பவர் இதைச் சொன்னபோது அதிகம் பேர் நம்பவில்லை. 1967இல் டொம் கேட், கோர்டன் மக்லீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கலஹாரியில் கண்டு உறுதிசெய்தார்கள். இறகின் நுண்ணிழைகள் சுருள் சுருளாக இருக்கும். நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். 2023இல் வந்த ஓர் ஆய்வு இதை நுண்ணோக்கியில் காட்டியது.

மாடப்புறாவின் வழி வேறு. அது தண்ணீரை உடம்புக்குள்ளேயே பாலாக்கிக் கொண்டுவருகிறது. பால்சுரப்பு எங்கள் தாய்மாரிடம் எந்த ஹோர்மோனால் தூண்டப்படுகிறதோ, அதே புரொலக்டின் புறாவின் தொண்டைப் பையிலும் வேலை செய்கிறது. பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த செல்கள் உதிர்ந்து, தயிர்போல் திரளும். பொரித்த முதல் நாட்களில் குஞ்சுக்கு உணவும் நீரும் அதுவே. தாய் மட்டுமல்ல, தகப்பனுக்கும் அந்தப் பால் சுரக்கும் என்பதுதான் வேடிக்கை. இரண்டு பேரும் மாறி மாறி ஊட்டுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் இடறுகிற இடம் ஒன்றே: கரைக்குப் போனவர் திரும்பி வந்து பொந்தில் இறங்க வேண்டும். படம் எடுக்கப் பாறை உச்சிவரை ஏறுகிறவர்கள் பொந்தருகே நின்றால், பால் சுமந்து வந்த பறவை இறங்காமல் வட்டமிடும். இன்னொரு கவலையும் உண்டு. உலகின் நகரப் புறாக்கள் எல்லாம் இந்த மாடப்புறாவின் வளர்ப்பு வழிவந்தவை. கரையில் அவற்றோடு கூடினால் காட்டு இரத்தம் கலந்துபோகும். இலங்கையில் கலப்பில்லாத காட்டு மாடப்புறா எஞ்சியிருக்கக்கூடிய இடங்களில் இப்படிப்பட்ட கடற்பாறைகளும் அடங்கும்.