முப்பத்தெட்டு வயதில் பதினாலாம் நாள்

கல்யாணமான பெண்களுக்கு, யார் எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்றே தெரியாமல் மனப்பாடமாகியிருக்கும் கணக்கு ஒன்று உண்டு. ‘டேட்’ வந்ததிலிருந்து பதினாலாவது நாள். அன்றைக்குக் கருமுட்டை வெளியே வரும், அதை ஒட்டிச் சேர்ந்திருந்தால் கரு தங்கும். அத்தை சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், யூடியூபிலும் சொல்வார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வருகிற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது ஓரளவு சரியாகவே வரும். படிப்பு, வேலை, வீட்டுக்கடன், தள்ளிப்போன கல்யாணம் எல்லாம் முடிந்து முப்பத்தேழு, முப்பத்தெட்டில் குழந்தைக்கு முயலும்போதுதான் இந்தக் கணக்கு காலை வாருகிறது.

கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் நிகாட்டா நகரத்தில் இருந்த மகப்பேறு மருத்துவர் கியூசாகு ஓகினோ. வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த பெண்களின் சினைப்பையை நேரில் பார்த்து, அவர்களுடைய மாதவிலக்குத் தேதிகளோடு பொருத்தி, 1924-ல் அவர் ஒரு முடிவை வெளியிட்டார். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாட்கள் முன்னால் என்பது அந்த முடிவு. அவர் எண்ணியது பின்னாலிருந்து. நாம்தான் முன்னாலிருந்து எண்ணிப் பழகிவிட்டோம். குழந்தை வேண்டும் என்று வருகிறவர்களுக்காக அவர் கண்டறிந்ததை உலகம் குழந்தை வேண்டாம் என்பதற்கே அதிகம் பயன்படுத்தியது. அதில் அவருக்கு உடன்பாடு இருக்கவில்லை.

முன்னா, பின்னா என்பது வயதானபின் பெரிய வித்தியாசம். கருமுட்டை வெளிவந்தபின் மாதவிலக்கு வரை உள்ள காலம் சுமார் இரண்டு வாரம்; அது அதிகம் மாறுவதில்லை. கூடுவதும் குறைவதும் முதல் பாதிதான். சினைப்பையில் முட்டைகளின் இருப்பு குறையக் குறைய, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சினைப்பையை விரட்டுகிறது. முட்டைப்பை சீக்கிரமே வளரத் தொடங்குகிறது. 28 நாள் சுழற்சி 26 ஆகும், 25 ஆகும், 24 ஆகும். “உடம்புச் சூடு, அதான் ரெண்டு மூணு நாள் முன்னாடியே வந்துடுது” என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாகச் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அது சூடு அல்ல, பெரும்பாலும் வயது. (முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இயற்கையாகவே இரட்டைக் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாகப் பிறப்பதற்கும் இந்த எஃப்.எஸ்.ஹெச். ஏற்றம் ஒரு காரணம். விரட்டல் அதிகமாகி, சில மாதம் இரண்டு முட்டை வெளியே வந்துவிடும்.)

24 நாள் சுழற்சி உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 24-லிருந்து 14 போனால் 10. பத்தாம் நாளை ஒட்டி முட்டை வந்துவிடுகிறது. வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். பதினாலாம் நாளுக்கென்று அந்தத் தம்பதி காத்திருந்தால், எல்லாம் முடிந்து நான்கு நாள் ஆகியிருக்கும். இப்படியே ஒரு வருடம் போனாலும் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, எண்ணத் தொடங்கிய இடம்தான் தப்பு.

வாய்ப்புள்ள நாட்கள் எவை என்பதில் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1995-ல் அமெரிக்காவின் ஆலன் வில்காக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு. வட கரோலினாவில் 221 பெண்கள் தினமும் சிறுநீர் மாதிரி கொடுத்தார்கள், உறவுகொண்ட நாட்களைக் குறித்து வைத்தார்கள். கரு தங்கியதெல்லாம் முட்டை வெளிவந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களுக்குள்தான். முட்டை வந்த மறுநாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும், முட்டை காத்திருக்காது. அதே குழு 2000-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், இந்த ஆறு நாட்களும் முழுமையாகப் பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையில் அமைவது சுமார் 30 சதவிகிதப் பெண்களுக்கு மட்டுமே என்று காட்டியது.

24 நாள்காரருக்கு ஆறு நாட்கள் என்றால் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை. அதாவது ரத்தப்போக்கு நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே கதவு திறந்துவிடுகிறது. இதை நேரடியாகச் சொல்ல டாக்டர்களே கூச்சப்படுகிறார்கள்.

கணவர் சென்னையில், மனைவி திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளியில் என்று பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அவர் சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை பஸ் ஏறுகிறார். முட்டை செவ்வாய்க்கிழமை வந்தால் கவலையில்லை, இரண்டு மூன்று நாள் முன்பே விந்தணு போய்ச் சேர்ந்திருக்கும். வியாழன், வெள்ளியில் வந்தால் போன வாரம் ரொம்ப முன்னால், இந்தச் சனிக்கிழமை பின்னால். அந்த மாதம் வாரத்தின் நடுவே ஒரு நாள் லீவு போட்டுத்தான் ஆகவேண்டும். எந்தப் புதன்கிழமைக்கு லீவு என்று தெரிந்துகொள்ளத்தான் டிராக்கிங் வேண்டும்.

வழிகள் பல. போன் ஆப் பழைய மாதங்களின் சராசரியை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்; சுழற்சி குறுகிக்கொண்டே வருகிறவருக்கு அது சொல்வது பழைய செய்தி. காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைக்கும் முறையில், முட்டை வந்தபின்தான் வெப்பம் சுமார் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும். வந்ததை உறுதி செய்யலாமே தவிர, வரப்போவதைப் பிடிக்க முடியாது. செலவில்லாதது, வெள்ளைப்படுதலைக் கவனிப்பது. மெல்போர்னில் பில்லிங்ஸ் தம்பதி இதை முறைப்படுத்தினார்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, விரலிடுக்கில் இழுத்தால் அறுந்துபோகாமல் நீண்டு வந்தால் நாள் நெருங்கிவிட்டது. என்னைக் கேட்டால் ஆப்பைவிட இது நம்பகமானது.

மெடிக்கலில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் எல்.ஹெச். ஹார்மோனின் திடீர் ஏற்றத்தைக் காட்டுகிறது. ஏற்றம் தொடங்கி 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும். எப்போது தொடங்குவது? உங்களுடைய மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 17-ஐக் கழியுங்கள். 24 நாள் என்றால் ஏழாம் நாளே முதல் ஸ்ட்ரிப். காலை முதல் சிறுநீரைவிட முற்பகலிலோ பிற்பகலிலோ பார்ப்பது நல்லது. அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தாலே குதிக்கக்கூடாது. பிரெக்னன்சி கார்டில் மங்கலான கோடும் கணக்கு. இதில் ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக இருந்தால்தான் பாசிட்டிவ். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கும், மாதவிலக்கு நிற்கும் பருவத்தை நெருங்குகிறவர்களுக்கும் எல்.ஹெச். எப்போதுமே கொஞ்சம் ஏறியிருக்கும். ஸ்ட்ரிப் நாள்கணக்கில் பாசிட்டிவ் காட்டினால் அதை நம்பிப் பயனில்லை, ஸ்கேனுக்குப் போகவேண்டும்.

ஸ்கேன் சென்டரில் ‘ஃபாலிக்குலர் ஸ்டடி’ என்று கட்டம் போட்ட ஒரு தாள் கொடுப்பார்கள். பலர் அதைப் படிக்காமலே ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். தேதி, எத்தனையாவது நாள், ஆர்.ஓ., எல்.ஓ., இ.டி. என்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டும் வலது, இடது சினைப்பை, இ.டி. கர்ப்பப்பை உள்ளுறையின் தடிமன். வலதில் 14 மி.மீ., இடதில் ‘எம்.எஸ்.எஃப்.’ என்று எழுதியிருந்தால், இடப்பக்கம் சின்னச் சின்னதாகப் பல இருக்கின்றன, எதுவும் தலையெடுக்கவில்லை என்று பொருள். வலப்பக்கத்தது நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளர்ந்து, 20 மி.மீ.-ஐ ஒட்டி வெடிக்கும். அளப்பது முட்டையை அல்ல, அதைச் சுற்றிய நீர்ப்பையைத்தான். முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஸ்கேனில் தெரியாது. அடுத்த தடவை பை சுருங்கி, கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தால் ‘ரப்சர்டு’ என்று எழுதுவார்கள்.

இந்த ஸ்கேன் பெரும்பாலும் உள்வழியாகச் செய்வது. தண்ணீர் குடித்து மூத்திரப்பை முட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் வரச்சொல்வார்கள். சுழற்சி குறுகியவர்கள் “எனக்கு 24 நாள்தான், ஏழாம் நாளே வரலாமா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிலருக்கு எல்.ஹெச். ஏறியும் பை வெடிக்காமலே போவதுண்டு. அந்தச் சமயத்தில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இதற்குக் காரணமாகலாம் என்பதால், தலைவலிக்கு எதையாவது போடுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

எல்லாம் சரியாகப் பிடித்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. ஐரோப்பிய நகரங்களில் 782 தம்பதிகளிடம் சேகரித்த விவரங்களை வைத்து 2002-ல் டேவிட் டன்சன் குழு வெளியிட்ட ஆய்வில், வயது ஏறினாலும் அந்த ஆறு நாள் ஜன்னல் சுருங்கவில்லை. ஜன்னலுக்குள் கிடைக்கும் வாய்ப்புதான் 19-26 வயதினரோடு ஒப்பிட, 35-39 வயதினருக்குப் பாதியாகக் குறைந்தது. முட்டையின் தரம்தான் காரணம். குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய முட்டைகள் வயதோடு கூடுகின்றன. கரு தங்காமல் போவதும், தங்கிக் கலைவதும் அதனால்தான். எந்த ஸ்ட்ரிப்பும் இதைக் காட்டாது. ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனைகூட மிச்சமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைவானவர்களும் மற்றவர்களுக்கு நிகராகவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். ரிப்போர்ட்டில் எண் குறைவு என்று பார்த்து இடிந்துபோக வேண்டாம்.

டன்சன் ஆய்வில் நம் வீடுகளில் காதில் விழாத ஒரு வரியும் உண்டு. மனைவியின் வயதைத் தனியாகக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், கணவருக்கு 35-க்கு மேல் ஆனால் வாய்ப்பு குறைகிறது. மனைவி ஆறு மாதம் ஸ்ட்ரிப்பும் ஸ்கேனுமாக அலைவார். மாமியார் கந்த சஷ்டி விரதம் இருக்கச் சொல்வார். கணவரின் விந்துப் பரிசோதனை மட்டும் ‘பார்த்துக்கலாம்’ என்று கிடக்கும். இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும். முதலில் செய்யவேண்டியது இதுதான், கடைசியில் அல்ல. நல்ல நாளுக்காகப் பத்துப் பதினைந்து நாள் ‘சேர்த்து’ வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம், நாள்பட நிற்கும் விந்தணுவின் தரம் குறையும்.

சேர்ந்து வாழ்கிற தம்பதிகளுக்கு இத்தனை நுணுக்கம் தேவையா என்றால், என் பதில் இல்லை. மாதவிலக்கு நின்றதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றிருந்தால் ஜன்னல் தானாகவே அகப்பட்டுவிடும். ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பவருக்கு “இன்னைக்குத்தான், சீக்கிரம் வாங்க” என்று மதியம் மூன்று மணிக்கு மெசேஜ் அனுப்புவதும், அவர் ராத்திரி முகம் கொடுக்காமல் திரும்பிப் படுப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. ‘அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்’ என்று சும்மாவா சொன்னார்கள்? முட்டை வந்த ஐந்தாம் நாளே கார்டு போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக் கணக்குக்கு ஒரு கெடு வேண்டும். 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். 35-ஐத் தாண்டினால் ஆறு மாதம். 40 என்றால் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம். நோட்டில் அழகாகக் கோலம் போட்டதுபோல் சார்ட் நிரப்பிக்கொண்டே முப்பத்தெட்டிலிருந்து நாற்பதுக்கு வந்துவிடுவதுதான் இதில் உள்ள உண்மையான ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முயற்சி தொடங்கும்போதே தொடங்கிவிடுங்கள், தைராய்டு பார்த்துவிடுங்கள்.

அந்த நோட்டு டாக்டரிடம் போகும்போது நிச்சயம் உதவும். கடைசி ஆறு மாதத் தேதிகள் இருந்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். முட்டை வந்ததா என்று பார்க்க புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். ‘இருபத்தோராம் நாள்’ என்பது அதன் பட்டப்பெயர். அதுவும் 28 நாள்காரர்களுக்கு வைத்த கணக்கு. எடுக்கவேண்டியது அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னால். 24 நாள் என்றால் பதினேழாம் நாள். “இருபத்தொண்ணுல வாங்க மேடம்” என்று கவுன்ட்டரில் சொன்னால், நோட்டைக் காட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள்.