திங்களொளியும் உயிரறிவும்

திங்களுக்குத் தன்னொளி இல்லை. அதன்மேற் படும் ஞாயிற்றொளியே மீண்டு நிலவாகப் புவியை வந்தடைகின்றது. கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயமும் இக்கருத்தினதே. ஞாயிற்றை நோக்கிய அரைக்கோளம் எஞ்ஞான்றும் ஒளிபெற்றே நிற்கும். கிரகணப்பொழுது ஒன்றே விலக்கு. ஆகவே தேய்தலும் வளர்தலும் அவ்வொளிக்கு இல்லை. திங்கள் புவியைச் சுற்றிவருங்கால் அவ்வொளிப்பாகத்திற் புவியிலுள்ளார்க்குப் புலனாகும் கூறு, ஏறத்தாழ 29½ நாளில், மிகுந்தும் குறைந்தும் வருதலே பிறை வேறுபாடாம். புவிநிழலே பிறையை ஆக்குமெனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது, அந்நிழல் திங்களைத் தீண்டுவது பூரணையில், அதுவும் கிரகணம் நிகழுங்கால் மட்டுமே.

இனி, அருளொளியால் விளங்கும் உயிருக்குத் திங்களை உவமை கூறுவாருமுளர். அஃது ஒருபுடை உவமையேயாம். திங்கள் சடம், ஒளியைத் திருப்புவதன்றி அதனை அறியாது. உயிரோ அறிவுடையதாயினும், ஆணவத்தால் மறைப்புண்டு, அறிவிக்க அறிவது. ஆகலின், காணும் ஆற்றல் தனக்கு உளதாயினும் கதிரொளியின்றிக் காணமாட்டாத கண்ணையே சித்தாந்த நூலார் உவமையாகக் கொண்டனர்.