வீராணம் கரையில் ஆடிக்காற்று

மலையூர், ஏரி, குளிர்ந்த காற்று என்றதும் கொடைக்கானலுக்கு வண்டி ஏறுகிறோம். சிதம்பரத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மேற்கே சுமார் 25 கி.மீ. போனால் காட்டுமன்னார்கோவில். அதை ஒட்டியே வீராணம் ஏரி.

மலை எங்கே என்பீர்கள். மலை இல்லாமல் இந்த ஏரியே இல்லை. ஆடியில் நம் பக்கம் புழுதி பறக்கும்போது வீராணம் நிறைவது குடகு மலையில் பெய்யும் மழையால்தான். அந்த நீர் மேட்டூரில் தேங்கி, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் ஆங்கிலேயர் 1836-ல் கட்டிய கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக ஏரிக்கு வந்து சேர்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி இது. நீளம் சுமார் 14 கி.மீ. ஏரியின் முழு நீர்மட்டம் என்று செய்தித்தாளில் வரும் 47.50 அடியைப் பலர் ஆழம் என்று நினைக்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். கொள்ளளவான 1,465 மில்லியன் கன அடியை ஏரியின் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது.

கரையில் நிற்பதன் சுகம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. நிலம் கிழக்கே சரிவதால் சோழர்கள் கிழக்குப் பக்கம் கரை எழுப்பினார்கள். ஆடிக்காற்றோ மேற்கிலிருந்து வீசுகிறது. வறண்டு வரும் அந்தக் காற்று சில கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடந்துதான் நம்மைத் தொடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கைக் காற்றே கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வருகிறது.

அதே காற்று நீரையும் கிழக்கே தள்ளும். ஏரி ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் அடி வழியாகத் திரும்பிவிடும். ஆழம் குறைந்த ஏரியில் அது எளிதில் நடக்காது. நீர் கரையோரம் சற்று ஏறி நிற்கும், அதன் மேல் அலையும் மோதும். கரையின் உட்பக்கம் கல் பாவியிருப்பதும், நீர்மட்டத்துக்கு மேல் கரையை உயர்த்தி வைத்திருப்பதும் இதற்காகத்தான். வண்டல் கலங்கி நீர் செம்மண் நிறம் காட்டுவதும் இந்த அலையால்தான்.

நீரில் நிற்கும் கம்பங்களைப் பாருங்கள். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகிலோ வெளிப்பகுதி நனையும். நனைந்தால் மிதப்பு குறையும், மூழ்கி மீன் பிடிப்பது எளிதாகும். கரையேறியதும் வெயில் காய்ந்தே தீர வேண்டும்.

2004 முதல் சென்னையும் இந்த நீரைக் குடிக்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து குழாயில் கிளம்பி 200 கி.மீ.க்கு மேல் போகிறது. தினமும் அதைக் குடிக்கும் சென்னைவாசிகள் ஒருமுறையாவது இந்த ஏரியை நேரில் பார்க்க வேண்டும்.

கோடையில் வராதீர்கள், ஏரி வற்றிக் கிடக்கலாம். ஆடி, ஆவணியில் வாருங்கள். பிற்பகலில் காற்று கடற்காற்றாகத் திரும்பிவிடும். அதற்கு முன், காலையிலேயே லால்பேட்டைப் பக்கம் கரையேறி, மேற்கே முகம் வைத்து நில்லுங்கள்.