ஊருக்குப் போனாலும் போனை அணைக்காதீங்க!

ஆனைக்குட்டம் குழுவினரோடு பயிற்சிக்காகக் கேரளா போயிருந்தோம். செங்கோட்டை தாண்டியதும் ஒரு அக்கா போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டார். "வெளி மாநிலத்துல எடுத்தாலே காசு போயிரும்ல?" என்றார். அன்று ராத்திரி வீட்டில் பேரனுக்குக் கடும் காய்ச்சல். எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்தது மறுநாள்தான்.

அவர் பயந்ததிலும் நியாயம் இருக்கு. கட்டணம் குறையட்டும் என்று எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரி வரை காத்துக் கிடந்தவர்கள்தானே நாம்! செல்போன் வந்த பிறகும், வெளி மாநிலத்தில் அழைப்பை எடுத்தாலே நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு பிடித்தார்கள். 2015 மே முதல் 45 காசுக்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் அமைப்பு சொன்னது. 2016-இல் ஜியோ வந்தபின் கம்பெனிகளுக்குள் போட்டி, அதுவும் போய்விட்டது. இப்போது வரம்பில்லாமல் பேசும் ரீசார்ஜ் இருந்தால், கேரளாவோ காசியோ, தனிக் காசு கிடையாது. கிளம்பும்முன் ரீசார்ஜ் என்றைக்கு முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

வெளிநாடு வேறு கதை. இலங்கை, சிங்கப்பூர் போய் ரோமிங் பேக் போடாமல் நம்ம சிம்மில் பேசினால், வருகிற அழைப்புக்கும் காசு போகும். டேட்டா ரோமிங்கை நிறுத்திவிட்டு, தங்குமிடத்து வைஃபையில் வாட்ஸ்அப்பில் பேசுங்கள். நிறைய நாள் தங்கினால் அந்த ஊர் சிம் வாங்குவது லாபம். கழற்றிய சிம்மைப் பத்திரமா வையுங்க. பேங்கில் கொடுத்த நம்பர் அதுதானே.